மண்ணுக்குத் திரும்பும் இரும்பு

மதுரை மாநகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வையைக் கரைக்கு அணித்தே அமைந்துள்ள சிற்றூர் கீழடி. அவ்வூர்த் தென்னந்தோப்புகளுக்கிடையே 2015-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த மக்களின் செங்கற் கட்டடங்களும், உறைகிணறுகளும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. அவற்றோடு பொன்னாலாகிய சிறு அணிகலன்களும் இரும்பாலாகிய கருவிகளும் கிடைத்தன. 2023-ஆம் ஆண்டில் அவ்வூரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருள்களை இன்றும் காணலாம்.

அவற்றை உற்று நோக்குவோர் ஒரு வேறுபாட்டை உடனே உணர்வர். பொன், நேற்றுத்தான் பொற்கொல்லன் கையினின்றும் வந்ததுபோல் ஒளிர்கின்றது. இரும்போ துருவேறிப் பருத்து, வடிவம் குலைந்து, செம்மண் கட்டியோ என்று ஐயுறுமாறு கிடக்கின்றது. இரண்டும் ஒரே மண்ணில் புதைந்தவை. ஒரே மழையில் நனைந்தவை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899-ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தபோதும், பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும் இரும்பு வாள்களும் வேல்களும் ஒருங்கே கிடைத்தன. அங்கும் பொன் பொன்னாகவே இருந்தது. இரும்பு பெரும்பாலும் துருவாகிவிட்டது. இஃது இரும்புக் கொல்லனின் குறையோ எனின், அன்று. பொன்னுக்கும் இரும்புக்கும் உள்ள பிறப்பு வேறுபாடே இதற்குக் காரணமாகும்.

பொன், நிலத்திலும் ஆற்று மணலிலும் பெரும்பாலும் பொன்னாகவே கிடைக்கின்றது. இரும்பு அவ்வாறு கிடைப்பதில்லை. விண்ணிலிருந்து வீழும் சில கற்களைத் தவிர, நிலத்தில் உள்ள இரும்பு பிராணவாயு எனப்படும் ஆக்சிஜனோடு கூடிய தாதுவாகவே இருக்கின்றது. மதுரைச் சீமையின் செம்மண்ணுக்குச் செந்நிறம் தருவதும் இவ்விரும்பும் ஆக்சிஜனும் கூடிய கூட்டே. பண்டைக் கொல்லன் களிமண்ணால் உலை அமைத்து, தாதுவையும் மரக்கரியையும் அடுக்கி, துருத்தியால் காற்றூதி எரித்தான். கரி தாதுவிலிருந்த ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு தனித்து நின்றது. ஆனால் அப்பிரிவு நிலையானதன்று. ஈரமும் காற்றும் கிடைத்த அளவில் இரும்பு மீண்டும் ஆக்சிஜனை நாடி அதனோடு கூடுகின்றது. அக்கூட்டையே துரு என்கின்றோம். துரு என்பது ஒருவகையில் பழைய தாதுவே. உலையில் பெரும்பாடுபட்டுப் பிரித்ததனை நிலம் ஓசையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கின்றது.

எனவே, உலோகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இரண்டு முகங்கள் உண்டு. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எவ்வாறு என்பது ஒன்று. பிரித்த உலோகம் மீண்டும் தாதுவாகாமற் காப்பது எவ்வாறு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் ஆராயும் நிலையம் ஒன்று மதுரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், காரைக்குடியில் இருக்கின்றது. அதன் பணியை அறிவதற்கு முன்னர், இரு முகங்களையும் ஒன்றாக்கிய பொருள் மின்சாரம் என்பதனை அறிதல் வேண்டும்.

தமிழகத்துக் கொல்லர் உருக்குச் செய்வதில் பெயர் பெற்றவர். இரும்பையும் கரிப்பொருளையும் சிறு மண்மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் காய்ச்சி உருக்குக் கட்டிகளை வார்க்கும் முறை இங்கு வழங்கியது. நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் அத்தகைய பழைய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இவ்வுருக்கை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று வழங்கினர். இதன் உறுதிக்குக் காரணம் காண முயன்ற ஆங்கில அறிஞருள் ஒருவர் மைக்கேல் பாரடே. அவர் தந்தையும் ஒரு கொல்லரே. பாரடே 1819-ஆம் ஆண்டில் இந்திய உருக்கைப் பகுத்தாராய்ந்து, அதிலுள்ள அலுமினியம் முதலியவையே அதன் சிறப்புக்குக் காரணம் என்று கருதினார். அக்கருத்துப் பிழையானது, உண்மைக் காரணம் அதிற் கலந்துள்ள கார்பனின் அளவும், அஃது அமைந்துள்ள முறையுமே எனப் பின்வந்தோர் கண்டனர். ஆயினும் அப்பிழையே அவரை, உருக்கோடு பிற உலோகங்களைக் கலந்து பார்க்கும் புதிய ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. பிழையான எண்ணமும் சில வேளைகளில் நல்ல வழியில் கொண்டு செலுத்துவதுண்டு.

பாரடேயின் ஆசிரியர் ஹம்பிரி டேவி. வோல்ட்டா என்னும் இத்தாலியர் 1800-ஆம் ஆண்டில் மின்கல அடுக்கைக் கண்டுபிடித்த பின்னர், டேவி அதன் ஆற்றலை உருகிய உப்புகளின் வழியே செலுத்திப் பார்த்தார். எவ்வளவு கரியிட்டு எரித்தும் பிரிக்க முடியாதிருந்த சோடியம், பொட்டாசியம் என்னும் உலோகங்கள் 1807-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் பிரிந்து வந்தன. கரி செய்ய இயலாத வேலையை மின்சாரம் செய்தது. எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் பிரியும் என்னும் கணக்கைப் பாரடே 1833, 1834-ஆம் ஆண்டுகளில் விதிகளாக வகுத்தார். இவ்வாறு மின்சாரத்தால் ஒரு பொருளைப் பகுப்பதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர்.

மின்னாற்பகுப்பால் உலகிற்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அலுமினியமாகும். முன்னர் அஃது அரிதாகவே கிடைத்தது, விலையும் மிகுதி. அமெரிக்காவில் ஹால் என்பாரும் பிரான்சில் எரூல் என்பாரும் தனித்தனியே 1886-ஆம் ஆண்டில் அதனை மின்னாற்பகுப்பால் பெறும் முறையைக் கண்டனர். அதன் பின்னரே அது சமையற்கட்டுக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளின் பாக்சைட் தாதுவைக் கொண்டு மேட்டூரில் 1965-ஆம் ஆண்டு முதல் அலுமினியம் செய்யப்பட்டது. ஒரு கிலோகிராம் அலுமினியத்திற்கு ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆதலின் மின்சாரத்தின் விலையே இத்தொழிலின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்கின்றது. மேட்டூரில் உலோக உற்பத்தி 2008-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது.

இனிக் காரைக்குடிக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகச் செல்லும் சாலையின் இருமருங்கும் கண்மாய்களும், பனைகளும், செம்பாறை நிலங்களும் காணப்படும். காரைக்குடியில் பேராறு இல்லை; சுரங்கம் இல்லை; நாடு விடுதலை பெற்ற காலத்தில் பேரளவில் இயங்கும் ஆலையும் இல்லை. உலோக ஆராய்ச்சிக்கு இத்தகைய ஊரை எவர் தேர்ந்தெடுப்பர்? இதற்கு விடை ஒரு மனிதரின் கொடையில் இருக்கின்றது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909-ஆம் ஆண்டில் பிறந்த அழகப்பச் செட்டியார் வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அவர் 1947-ஆம் ஆண்டில் காரைக்குடியில் ஒரு கல்லூரியை நிறுவினார். அக்காலத்தில், 1942-ஆம் ஆண்டில் தோன்றிய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் நாட்டின் பல பகுதிகளிலும் ஆய்வுக்கூடங்களை நிறுவ முற்பட்டிருந்தது. மன்றத்தின் தலைமை இயக்குநர் சாந்தி சொரூப் பட்நாகர். ஆய்வுக்கூடங்களுள் ஒன்று தம் ஊருக்கு வருமாயின் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக அழகப்பர் முன்வந்தார். அன்று 15 இலட்சம் என்பது எத்துணைப் பெருந்தொகை என்பதனைச் சொல்ல வேண்டுவதில்லை. பிரதமர் ஜவகர்லால் நேரு 1948 ஜூலை 25-ஆம் நாள் கால்கோள் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், அப்போது குடியரசுத் துணைத்தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் முழுப்பெயர். ஊர்மக்கள் 'சிக்ரி' என்றே வழங்குவர். அழகப்பர் 1957-ஆம் ஆண்டில், தம் நாற்பத்தெட்டாம் வயது நிறைவதற்கு முதல்நாள் மறைந்தார். நிலையம் தொடங்கி நான்காண்டுகளே அவர் அதனைக் கண்டார்.

நிலையம் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று மக்னீசியத்தைப் பற்றியது. மக்னீசியம் இரும்பின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான எடையுடையது, அலுமினியத்தைவிடவும் இலேசானது. வானூர்திக்கும் பிற ஊர்திகளுக்கும் வேண்டிய கலப்பு உலோகங்களில் அது பயன்படுகின்றது. இதனைப் பெறச் சுரங்கம் தோண்டத்தான் வேண்டும் என்பதில்லை. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிலோகிராம் மக்னீசியம் கரைந்திருக்கின்றது. தூத்துக்குடி முதலிய இடங்களிலுள்ள உப்பளங்களில் உப்பு விளைந்த பின்னர் எஞ்சும் கசப்புநீரில் அது செறிந்திருக்கும். உப்புக்குக் கசப்பேறாதிருக்க அந்நீரை வடித்து அகற்றுவது உப்பளத்தார் வழக்கம். வேண்டாமென்று வடிக்கும் நீரிலிருந்து விலையுயர்ந்த உலோகத்தை எடுப்பதே நிலையத்தாரின் நோக்கம்.

சொல்வதற்கு எளிதாயினும் இது செய்வதற்கு அரிதே. கசப்புநீரைக் காய்ச்சினால் மக்னீசியக் குளோரைடு என்னும் உப்புக் கிடைக்கும். அது நீரை எளிதில் விடாது. கடைசியாக எஞ்சும் ஈரத்தைப் போக்கக் கடுமையாகக் காய்ச்சினால், உப்பே சிதைந்து அமில வாயுவாகவும் மக்னீசியச் சுண்ணமாகவும் மாறிவிடும். ஈரம் சிறிது நிற்பினும் மின்னாற்பகுப்புக் கெடும். இவ்விடர்ப்பாட்டைக் கடந்து, உலர்ந்த உப்பை ஏறத்தாழ 700 பாகை வெப்பத்தில் உருக்கி, அதன் வழியே மின்சாரம் பாய்ச்சினால், ஒரு மின்வாயில் குளோரின் வாயு எழும். மற்றொன்றில் மக்னீசியம் உருகிய நிலையில் பிரியும். இலேசானதாகையால் அவ்வுலோகம் பாலின்மேல் ஏடுபோல் உருகிய உப்பின்மேல் மிதந்து நிற்கும். அதனைக் காற்றுப்படாமல் முகந்தெடுத்தல் வேண்டும். காற்றுப்படின் கண்கூசும் ஒளியோடு எரிந்துபோகும். காரைக்குடியில் கண்ட முறையைத் தழுவி இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் ஆலை ஒன்றும் அமைந்தது. ஆயினும் அதன் உற்பத்தி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கைகூடியது அனைத்தும் சந்தையில் கைகூடுவதில்லை.

ஆராய்ச்சியின் மற்றொரு முகம் அரிமானம் பற்றியது. உலோகம் காற்றாலும் நீராலும் உப்பாலும் அரிக்கப்படுவதனை அரிமானம் என்பர். இரும்பின் துரு அதன் ஒருவகையே. இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை விளக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எவன்ஸ் என்னும் அறிஞர் அதனைச் செய்துகாட்டினார். மெருகிட்ட இரும்புத் தகட்டின்மீது ஒரு துளி உப்புநீர் விடப்படும். இரும்பு கரைந்தால் நீலமாகவும், காரம் தோன்றினால் இளஞ்சிவப்பாகவும் மாறும் பொருள்கள் அத்துளியில் முன்னரே கலக்கப்பட்டிருக்கும். சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடையே வளையம்போல் துரு படியும்.

துளியின் ஓரத்தில் காற்று மிகுதி, நடுவில் குறைவு. அதனால் ஓரம் ஒரு மின்வாயாகவும் நடு மற்றொரு மின்வாயாகவும் அமைய, கண்ணுக்குப் புலனாகாத சிறு மின்னோட்டம் இரும்பினூடே பாய்கின்றது. நடுவிலுள்ள இரும்பு கரைகின்றது. கைவிளக்கில் இடும் மின்கலத்தின் துத்தநாகக் கூடு, கலம் பயன்படப் பயன்பட அரிக்கப்படுவதும் இதனை ஒத்ததே. ஆகவே துருப்பிடித்த ஒவ்வொரு ஆணியும், யாரும் வேண்டாத ஒரு மின்கலமாக இருந்து தன்னைத்தானே தின்று முடித்ததாகும். மின்வேதியியல் நிலையம் துருவை ஆராய்வது ஏன் என்னும் வினாவுக்கும் இதுவே விடை.

அரிமானத்தைத் தடுக்கும் வழிகளை மக்கள் காரணம் அறியாமலே நெடுநாள் கையாண்டு வந்தனர். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த குழம்பை வைத்தால் களிம்பேறும். அதனைத் தடுக்க ஈயம் பூசுவார்கள். துருத்தியும் நவச்சாரமும் கொண்டு தெருத்தெருவாகச் சென்று ஈயம் பூசியவர்களை முதியோர் மறந்திரார். அவர்கள் பூசியது வெள்ளீயம், காரீயம் நஞ்சாகும். பூச்சு, பாத்திரத்திற்கும் புளிக்கும் இடையே ஒரு திரைபோல் நிற்கின்றது.

பூச்சுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தகர டப்பா என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. தண்ணீர் இறைக்கும் வெள்ளை வாளி துத்தநாகம் பூசிய இரும்பு. இரண்டிலும் ஆணியால் ஒரு கீறல் இட்டு மழையில் வைத்துவிட்டால், டப்பாவின் கீறலில் துரு விரைந்து பரவும். வாளியின் கீறலோ நெடுநாள் துருப்பிடியாது. காரணம் என்ன? உலோகங்களை அவை கரைந்துபோகும் விரைவுக்கேற்ப வரிசைப்படுத்தினால், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், செம்பு, பொன் என அமையும். இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நீரில் நனையும்போது, வரிசையில் முன்னிற்பது கரையும், பின்னிற்பது பிழைக்கும். வெள்ளீயத்தின் பக்கத்தில் இரும்பு முன்னிற்பதால் இரும்பே கரைகின்றது. துத்தநாகத்தின் பக்கத்தில் இரும்பு பின்னிற்பதால், துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கின்றது. ஈற்றில் நிற்கும் பொன்னுக்கு எவ்வச்சமும் இல்லை. கீழடிப் பொன் ஒளிர்வதன் காரணமும் இதுவே.

இந்நுட்பத்தை முதன்முதல் பெரிய அளவில் பயன்படுத்தியவர் முன்னர்க் கூறிய டேவியே. அக்காலத்து ஆங்கிலப் போர்க்கப்பல்களின் அடிப்புறத்தில் செப்புத் தகடு வேய்ந்திருந்தனர். கடல்நீர் அச்செம்பை அரித்துவந்தது. டேவி 1824-ஆம் ஆண்டில் செம்பின்மீது ஆங்காங்கே சிறு துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பதித்தார். அவை கரைந்தன, செம்பு பிழைத்தது. அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் கடலில் வேறொரு செய்தி காத்திருந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்த வரையில், அந்நஞ்சுக்கு அஞ்சிக் கடற்பாசியும் சிப்பியினங்களும் கப்பலை அணுகாதிருந்தன. செம்பு கரையாதொழிந்ததும் அவை திரளாக ஒட்டிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். உள்ளம் நொந்த டேவி சில ஆண்டுகளில் காலமானார்.

அவர் கண்ட வழி இன்று வேறிடத்தில் வாழ்கின்றது. எண்ணெயையும் எரிவாயுவையும் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்கள் நிலத்தினுள் நெடுந்தூரம் புதைந்து கிடக்கின்றன. காவிரிப் படுகையின் தென்பகுதியாகிய இராமநாதபுரம் மாவட்டத்தில் இயற்கை எரிவாயு கிடைக்கின்றது. அதனைக் கொண்டு வழுதூரில் மின் நிலையம் இயங்குகின்றது. உவர்நிலத்தில் கிடக்கும் குழாயில் ஊசித்துளை அளவு துரு துளைத்தாலும் தீங்கு பெரிது. ஆகவே குழாய்க்குப் பூச்சிடுவதோடு, இடையிடையே மக்னீசியக் கட்டிகளை மண்ணில் புதைத்துக் கம்பியால் குழாயோடு இணைப்பதுண்டு. கட்டிகள் கரையும், குழாய் நிற்கும். நெடுங்குழாய்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தியும் இக்காப்பை அளிப்பர். கடல்நீரிலிருந்து அரிதின் முயன்று பிரித்த மக்னீசியம், இரும்புக்காகத் தன்னை இழந்து மீண்டும் மண்ணோடு கலப்பது எண்ணத்தக்கது.

எவ்விடத்தில் எவ்வளவு காப்பு வேண்டும் என்பது அவ்விடத்துக் காற்றைப் பொறுத்தது. தில்லியில் மெகரவுலி இரும்புத்தூண் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகப் பெரிதும் துருவின்றி நிற்கின்றது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாதலின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கின்றது என்றும், அவ்வூரின் வறண்ட காற்றும் துணைசெய்கின்றது என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். மதுரைச் சமவெளியிலும் காற்று ஆண்டின் பெரும்பகுதி வறண்டதே. கிழக்கே கடலை நெருங்க நெருங்க நிலை மாறுகின்றது. இராமேசுவரத் தீவை நோக்கி நிலம் ஒடுங்கிச் செல்லும் இடத்தில், ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்க, நடுவில் மண்டபம் அமைந்திருக்கின்றது. இருபுறத்துக் கடலும், இரு பருவக் காற்றும், வெயிலும், உப்புத் திவலையும் ஒன்றுகூடும் இடம் அது. உலகிலேயே அரிமானம் மிகக் கடுமையான இடங்களுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது.

காரைக்குடி நிலையத்தார் தங்கள் வெளிக்கள ஆய்விடத்தை அங்கு அமைத்ததன் காரணமும் அதுவே. அவர்கள் கையாளும் முறை எளியது. இரும்பு, துத்தநாகம் முதலியவற்றின் சிறு தகடுகளைத் தூய்மை செய்து நுட்பமாக எடையிடுவர். பிறகு அவற்றைக் காற்று வீசும் திசை நோக்கிச் சட்டங்களில் சாய்த்துப் பொருத்தி, வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுவர். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எடுத்து, துருவை நீக்கி மீண்டும் எடையிடுவர். குறைந்த எடையே கடற்காற்று உண்ட உலோகம். இதே சோதனையை நாட்டின் பல ஊர்களிலும் செய்து, எவ்வெவ்விடத்தில் அரிமானம் எவ்வளவு என்பதைக் காட்டும் இந்திய அரிமானப் படத்தையும் அவர்கள் வரைந்தனர். பாலம் கட்டுவோரும் மின்கம்பம் நடுவோரும் மண்ணின் தன்மையோடு காற்றின் தன்மையையும் முன்னரே அறிந்துகொள்ள அஃது உதவுகின்றது.

கான்கிரீட்டினுள் புதைந்த இரும்புக் கம்பியும் துருவுக்குத் தப்புவதில்லை. சிமெண்டின் காரத்தன்மையால் கம்பியின்மேல் மெல்லிய படலம் ஒன்று அமைந்து அதனைக் காக்கும். கடலுப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே புகுந்து அப்படலத்தைக் கிழித்துவிட்டால் துரு தொடங்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட இருமடங்குக்கும் மிகுதியான இடம் கொள்வது. ஆதலின் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்கரையூர்களில் கட்டடங்களின் மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரிவதனைக் காணாதார் இலர். துருத்தடுக்கும் பொருள்களைச் சிமெண்டுக் குழம்பில் கலந்து, கம்பிகளைக் கட்டுமானத்தில் வைப்பதற்கு முன்னரே அவற்றின்மேல் பூசும் முறையைக் காரைக்குடி நிலையத்தார் வகுத்தனர். இந்தியாவில் பல பாலங்களில் இம்முறை கையாளப்பட்டது.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கடலின்மீது 1914-ஆம் ஆண்டில் இரயில் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் நடுவில், கப்பல்கள் செல்ல வழிவிட்டு இருபுறமும் தூக்கும் எஃகுப் பகுதி இருந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு சென்ற இரயில் ஒன்று அலைகளால் வாரிக்கொள்ளப்பட்டது. பாலத்தின் 126 தூலங்கள் பெயர்ந்து கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் அசையாது நின்றது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் மேற்பார்வையில், கடலில் வீழ்ந்த தூலங்களையும் தேடியெடுத்துப் பயன்படுத்தி, 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. அவ்வருஞ்செயலை நாடே வியந்தது.

புயலுக்கு அசையாத அத்தூக்குப் பகுதியைப் பின்னாளில் வீழ்த்தியது துரு. ஆண்டுதோறும் சுரண்டியும், வண்ணம் பூசியும், நைந்த உறுப்புகளை மாற்றியும் தொழிலாளர் பலர் நூறாண்டுக்கு மேல் அதனோடு போராடிவந்தனர். புயல் வந்ததை ஊரே அறிந்தது. துருவோ ஒவ்வொரு நாளும் வந்தது. அதனை அறிந்தவர்கள் கையில் சுரண்டும் கருவியோடு தூலங்களில் தொங்கிய தொழிலாளர் மட்டுமே. தூக்குப் பகுதி பெரிதும் நலிந்தமையால் 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் செல்வது நிறுத்தப்பட்டது. 108 ஆண்டுகள் அது பணிசெய்திருந்தது.

அதன் பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் கான்கிரீட்டில் துருவேறாத எஃகுக் கம்பிகள் இடப்பட்டுள்ளன. எஃகுப் பகுதிகள், நீர் தங்கும் இடுக்குகள் குறையுமாறு பற்றவைத்து இணைக்கப்பட்டு, கடற்காற்றைத் தாங்கவல்ல சிறப்புப் பூச்சும் பூசப்பட்டுள்ளன. எனினும் அப்பூச்சையும் காலந்தோறும் ஆராய்ந்து புதுப்பித்தல் வேண்டும். மண்டபத்து ஆய்விடத்தில் சட்டங்களில் சாய்த்து வைத்த தகடுகளின் மீதும் அதே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கின்றது. அவற்றின் தொடக்க எடை காரைக்குடி ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றது.